வீட்டுப் பஞ்சாமிர்தம்

திருநகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருப்பரங்குன்றத்து முருகன் எழுந்தருளியிருந்தாலும், நம் தெருவாருக்குப் பழனிப் பஞ்சாமிர்தத்தின் மீதுள்ள மோகம் சொல்லி முடியாது. தைப்பூசம் கழிந்த வாரத்தில் அது வந்து சேராத வீடே இராது. நம் வீட்டில் மாத்திரம் அந்த டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். காரணம், நம் தாயாரின் நீரிழிவு. “ஏப்பா, முருகன் உங்களுக்கு மட்டுந்தானா?” என்று அவர் ஒரு நாள் கேட்டார். பிள்ளைகளின் ஆயிரம் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நமக்கு அன்று நா எழவில்லை.

ஆகவே, அப்பண்டத்தையே சற்று ஆராய்ந்தோம். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பசுநெய், ஏலக்காய் ஆகிய ஐந்துந்தான் பஞ்சாமிர்தம். பேரீச்சம்பழமும் கற்கண்டும் உடன் சேர்வதுண்டு. தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் இதற்கு உண்டு. இவற்றுள் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் வந்ததன்று. அது ஒரு காவற்காரன். பழத்தின் ஈரத்தைத் தன்பால் இழுத்துக் கட்டிவிடுவதால் கிருமிகள் பெருக இடமில்லை. பாதயாத்திரை சென்றவர் ஊர் திரும்பிப் பங்கிடும் வரையில் பிரசாதம் கெடாதிருக்க வேண்டுமல்லவா? அடுப்பங்கரையில் பிசைந்து அரைமணியில் உண்ணப்போகிற நமக்குக் காவற்காரன் எதற்கு?

அவனுக்கு விடை கொடுத்துவிட்டு நாம் செய்யும் முறை இது. நால்வருக்கு, தோல் கறுக்கத் தொடங்கிய மலைவாழைப்பழம் 5; கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கிய பேரீச்சம்பழம் 6; தேன் 2 தேக்கரண்டி; நெய் அரைத் தேக்கரண்டி; ஏலக்காய் 2. பழத்தைக் கையால் பிசைய வேண்டும்; மிக்ஸியில் இட்டால் கூழாகிவிடும். மற்றவற்றைக் கலந்து உடனே பரிமாறலாம். மறுநாளைக்கு வைக்கலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இதைச் சர்க்கரையே அற்ற பண்டமென்று எண்ணிவிடக் கூடாது. பழத்திலும் தேனிலும் சர்க்கரை உண்டு. நாட்டுச் சர்க்கரையும் இரத்தத்தில் கலந்தபின் வெள்ளைச் சர்க்கரைக்கு உறவுதான். ஆதலால் டாக்டரைக் கலந்துகொண்டு, தேனும் பேரீச்சையும் சேர்க்குமுன் தாயாருக்கென்று 2 தேக்கரண்டி தனியே எடுத்து, ஏலக்காயும் துளி நெய்யும் இட்டுக் கொடுக்கிறோம். அன்று மாலைச் சிற்றுண்டி அவருக்கு இல்லை. முதல் முறை அதைச் சுவைத்தவர், “இனிப்புக் கம்மிதான், ஆனால் பழம் பழமாயிருக்கிறது” என்றார். அதைவிட நற்சாட்சிப் பத்திரம் நமக்கு வேண்டியதில்லை.

இப்பழத்திற்கும் ஒரு கதை உண்டு. 1970-களில் அசுவினிப் பூச்சியால் பரவிய முடிக்கொத்து நோய் சிறுமலையிலும் பழனி மலைச் சரிவுகளிலும் வாழைத் தோட்டங்களைப் பாழாக்கியது. பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை வளர்த்துத் தந்து உதவினர். ஆயினும் கன்று மாத்திரம் போதாது. “மலைவாழை இருக்கிறதா?” என்று பழக்கடையில் கேட்பவர் இருந்தால்தான், மலைமேல் அதைப் பயிரிடுபவரும் இருப்பார். நேயர்கள் அடுத்த முறை கடைக்குச் செல்லுகையில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்.