சினம் தணித்த எடைக்கல்

நுழையும்முன்

ஒரு கருவியைக் கையாளக் கற்பது ஒரு கலை. அதனைப் பழுதின்றிக் காப்பது மற்றொரு கலை. திருத்தணியில் வளர்ந்த வாள்வீச்சு வீராங்கனை ஒருவர், தம் மின்வாளைப் பழுதுபார்த்த நாளில் கற்றுக்கொண்டதை இங்கு நினைவுகூர்கிறார்.

ஆண்டின் நாள்களைப்போல 365 படிகளைக் கொண்டது எங்கள் தணிகைமலை. பதினொன்றாம் வகுப்பில் பயின்றபோது, விடியற்காலையில் அப்படிகளில் ஏறி இறங்குவதே என் கால்களுக்குப் பயிற்சி. வார இறுதியில் மின்தொடர்வண்டியில் சென்னைக்குச் சென்று வாள்வீச்சுப் பயின்றேன். சென்னையில் பிறந்த பவானி தேவி, 2021ஆம் ஆண்டு டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் பங்கேற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். வாள்கள் விலை மிகுந்தவை என்பதால், தொடக்கத்தில் அவர் மூங்கில் கழிகொண்டு பயின்றவர். அதை அறிந்தபோது, எனக்கென ஒரு பழைய வாளேனும் உள்ளதே என மகிழ்ந்தேன்.

ஒளிராத விளக்கு

என் வாள் 'எப்பே' வகையைச் சேர்ந்தது. அதன் அலகில் உள்ள நீண்ட பள்ளத்தில் இரு மெல்லிய மின்கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கும். வாள்முனை எதிராளியின் உடலில் பட்டு அழுந்தும்போது மின்சுற்று நிறைவுற்று விளக்கு ஒளிரும். மூன்றாவது கம்பி, கைக்காப்புடன் இணைந்திருக்கும். எதிராளியின் கைக்காப்பில் முனை பட்டால் விளக்கு ஒளிராமல் தடுப்பது அதன் பணி.

சிறிய போட்டி ஒன்றில் இருவரும் பதினான்கு புள்ளிகளில் நின்றோம். என் வாள்முனை எதிராளியின் தோளைச் சாய்வாகத் தொட்டதைக் கையால் உணர்ந்தேன், விளக்கு ஒளிரவில்லை. நடுவர் என் வாளை வாங்கி, முனையை நேராக அழுத்தினார். விளக்கு பளிச்சென்று ஒளிர்ந்தது. "வாளில் குறையில்லை" என்றார். அடுத்த நொடிகளில் தோற்றேன். கருவி பொய் சொல்லிவிட்டது என்ற சினத்தோடு ஊர் திரும்பினேன்.

அப்பாவின் மேசை

தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் கடைத்தெருவில், வானொலியும் மிக்சியும் பழுதுபார்க்கும் சிறுகடை அப்பாவுடையது. வாள் என்றால் அவருக்கு முருகன் கோயில் சிற்பங்களில் கண்டதுதான். ஆயினும், மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வாளின் இணைப்பில் வைத்தார். வாள்முனையை நேராக அழுத்தினார், ஒலி எழுந்தது. சாய்வாக அழுத்தினார், ஒலி எழவில்லை.

வெள்ளைத் துணியை விரித்து, வாள்முனையின் பக்கங்களில் இருந்த இரண்டு நுண்ணிய திருகாணிகளைக் கழற்றினார். முனையும் சுருள்வில்லும் வெளியே வந்தன. குழலுக்குள் துருவும் வியர்வையில் ஊறிய தூசியும் படிந்திருந்தன. "இதை எப்போது துடைத்தாய்?" என்று கேட்டார். ஈரச் சீருடையோடு வாளைப் பைக்குள் சுருட்டி வைப்பதே என் வழக்கம். விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

துடைத்துப் பூட்டியபின், எப்படி அழுத்தினாலும் ஒலி எழுந்தது. மகிழ்ச்சி மிகுதியில், "சுருள்வில்லை இன்னும் தளர்த்திவிடுங்கள் அப்பா, இலேசாகப் பட்டாலே விளக்கு ஒளிரட்டும்" என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, அப்படிச் செய்தால் பட்டும் படாததையெல்லாம் குத்தியதாக அல்லவா இது சொல்லும்?"

முக்கால் கிலோ உண்மை

எப்பேயின் முனை, தன்மேல் வைக்கப்படும் 750 கிராம் எடையை மீண்டும் மேலே தூக்க வேண்டும் என்பது விதி. அச்சிறு போட்டியில் அந்தச் சோதனை நடைபெறவில்லை. நான் விதியைச் சொன்னதும், அப்பா கடைசல் பட்டறையில் துளையிட்ட இரும்பு உருளை ஒன்றைச் செய்து வாங்கினார். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, மிகுந்திருந்த சில கிராம்களை அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்.

வாளை நிமிர்த்திப் பிடித்து, எடைக்கல்லை முனைமேல் பொருத்தி அழுத்தி விட்டார். ஒலி எழுந்தது, நிற்கவே இல்லை. தளர்ந்துபோயிருந்த சுருள்வில்லால் அந்த எடையைத் தூக்க முடியவில்லை.

எனக்கு நாணமாக இருந்தது. ஒரு புள்ளியை மறுத்த அதே வாள், எனக்கு உரியதல்லாத எத்தனை புள்ளிகளை அதற்குமுன் தந்திருக்கும்? 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கின் ஐந்திறப் போட்டியில், சோவியத் வீரர் போரிஸ் ஒனிஷெங்கோ, தொடாமலேயே விளக்கை எரியச் செய்யும் விசையை வாளின் கைப்பிடியில் மறைத்து வைத்திருந்தார், கண்டறியப்பட்டு வெளியேற்றப்பட்டார். அவர் அறிந்து செய்ததை, நான் கவனமின்மையால் செய்திருந்தேன்.

பயிற்சியாளரிடம் புதிய சுருள்வில் பெற்றுப் பொருத்தினோம். இம்முறை எடைக்கல் மெல்ல எழுந்தது, ஒலி நின்றது. சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடமாதலால் எங்கள் ஊர் 'செருத்தணி' எனப்பட்டது என்பர். என் சினமும் அங்கே, அப்பாவின் மேசையருகே தணிந்தது.

இன்றும் பயிற்சி முடிந்ததும் அலகைத் துடைத்து, முனையைச் சோதித்த பிறகே வாளை உறையிலிடுகிறேன். புதிதாகப் பயில வரும் சிறுவர்கள், என் பையிலுள்ள இரும்புருளையைக் கண்டு, "அக்கா, இது எதற்கு?" என்று கேட்பார்கள். "முதலில் உன் வாளைக் கொடு" என்பேன்.

தெரிந்து தெளிவோம்

ஒலிம்பிக் போட்டிகளில் மின்முறைப் புள்ளிக் கணிப்பு எப்பேவுக்கு 1936இலும், ஃபாயிலுக்கு 1956இலும், சேபருக்கு 1992இலும் அறிமுகமானது. எப்பேயில் முனை அழுந்தும்போது மின்சுற்று மூடும். ஃபாயிலில் மின்சுற்று திறக்கும். சேபரில் அழுந்தும் முனை இல்லை. அலகின் எப்பகுதி பட்டாலும் புள்ளி உண்டு.