வௌவாலுக்கு வால் இருக்கிறதா?

சின்னமனூருக்கு இரண்டு விதமான ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள். ஒரு வகையினர் செப்பேட்டைப் பற்றி விசாரிப்பார்கள். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும் பாண்டியர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பெரிய செப்பேடு எங்கள் ஊர்ப் பெயரில்தான் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு. இன்னொரு வகையினர் முதுகுப் பையோடு இறங்கி, மேகமலைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பாம்பு, தவளை, வௌவால், பூச்சி. இரண்டு தரப்பும் ஒரே கடையில் டீ குடித்துவிட்டுப் போகும். ஒருத்தரோடு ஒருத்தர் பேசி நான் பார்த்ததில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். படித்தது விலங்கியல். இப்போது பார்க்கிற வேலை, பழைய தமிழ் நூல்களின் மின்பிரதிகளில் விலங்கு, பறவை, செடி, பூச்சிப் பெயர்கள் எங்கெங்கே வருகின்றன என்று தேடி அட்டவணை போடுவது. வீட்டில் இதைப் புரியவைப்பது கஷ்டம். “கம்ப்யூட்டர்ல குருவி புடிக்கிறான்” என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது.

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒரு வௌவால். அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1940-களில் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்று ஒரு தோட்டத் துரை இருந்தார். தேயிலை வேலை போக மிச்ச நேரத்தில் மலையில் ஊர்வதையும் பறப்பதையும் சேகரித்தவர். 1949-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் இந்த மலையின் பாம்புகளைப் பற்றியும் பாலூட்டிகளைப் பற்றியும் குறிப்புகள் எழுதினார். அதே வருடம் மால்கம் ஸ்மித் என்ற ஊர்வன ஆய்வாளர், மேகமலையில் கிடைத்த இரண்டே மாதிரிகளை வைத்து ஒரு குழிவிரியனைப் புதிய இனமாக விவரித்து, அதற்கு ஹட்டன் பெயரையே வைத்தார். பாம்பைப் பொறுத்தவரை எல்லாம் உடனுக்குடன் நடந்துவிட்டது.

வௌவால் விஷயம் அப்படி இல்லை. 1948-இல் ஹட்டன் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால் பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தது. குறுமூக்குப் பழந்தின்னி என்று பெயர் எழுதி மாதிரிகளோடு மாதிரியாக வைத்துவிட்டார்கள். குறுமூக்குப் பழந்தின்னி நம் ஊரெங்கும் இருப்பது. கொய்யா மரத்திலும் பனையோலைக்கு அடியிலும் தொங்குவது. அளவும் நிறமும் ஏறக்குறைய ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 24 வருடம் அப்படியே இருந்தது.

1972-இல் கிட்டி தொங்லோங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர் அதை எடுத்து நிதானமாகப் பார்த்தார். குறுமூக்குப் பழந்தின்னிக்குச் சின்னதாக ஒரு வால் இருக்கும், இதற்கு இல்லை. முன்பக்க வெட்டுப்பற்கள் மேலும் கீழும் இரண்டிரண்டு ஜோடி இருக்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு ஜோடிதான். புதிய இனம் மட்டுமில்லை, புதிய பேரினமே. பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சேர்த்து ‘லாட்டிடென்ஸ் சலிமாலி’ என்று அறிவித்தார். அந்தப் பேரினத்தில் இன்றுவரை இந்த ஒரே இனம்தான். இரண்டு வருடம் கழித்து, 1974-இல், கிட்டி இறந்துபோனார். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்றான தாய்லாந்தின் ஒரு குட்டி வௌவால் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

சலீம் அலி வௌவாலை மறுபடி மேகமலையில் உயிரோடு பார்த்தது 1993-இல். ஹட்டன் பிடித்ததிலிருந்து 45 வருடம்.

இதில் என்னை உறுத்துவது நடுவில் உள்ள அந்த 24 வருடம். அது தொலைந்துபோன காலம் இல்லை. உடல் இருந்தது, பிடித்த இடம் தெரியும், காலம் தெரியும். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அதன் வாயைத் திறந்து பல்லை எண்ண ஒரு ஆள்தான் வரவில்லை. பத்திரமாக இருப்பது வேறு, கைக்குக் கிடைப்பது வேறு.

மின்னூல்களிலும் இதே சங்கதிதான்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. தொடங்கிவைத்த கு. கல்யாணசுந்தரம் தமிழ்ப் பேராசிரியர் இல்லை. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் இருந்த வேதியியல் ஆராய்ச்சியாளர். பகலில் ஆய்வகம், மற்ற நேரத்தில் சங்க இலக்கியம். அவரும் உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்களும் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, பைசா வாங்காமல் நூல்களை ஏற்றினார்கள். என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்த இடத்தில் குறுந்தொகையையும் குறிஞ்சிப்பாட்டையும் தேட முடிகிறதென்றால் அவர்கள் புண்ணியம்.

இப்போது அந்தக் கடலில் வௌவாலைத் தேடுவோம். சங்கப் பாட்டில் அதன் பெயர் ‘வாவல்’. பொழுது சாய்கிற நேரத்தில் பழுத்த மரத்தைத் தேடிக் கிளம்புகிற வாவல் குறுந்தொகையில் இருக்கிறது. இருட்டத் தொடங்கும்போது கிளம்பும் என்பது இன்றைக்கும் எந்த வௌவால் ஆராய்ச்சியிலும் முதல் குறிப்பு. பிற்காலத்தில் அதுவே ‘வௌவால்’. பேச்சில் ‘வவ்வால்’. பூச்சி தின்கிற சின்ன சாதிக்குத் ‘துரிஞ்சில்’ என்றும் ஒரு பெயர் உண்டு. நான்கையும் போட்டுத் தேடினால் வேலை முடிந்தது என்று தோன்றும்.

முடியாது. கீழே உள்ள இரண்டு சொல்லையும் பாருங்கள்:

வௌவால்
வெளவால்

பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் இருப்பது ‘வ’வும் ஔகாரக் குறியும். இரண்டாவதில் இருப்பது ‘வெ’, அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு ‘ள’. ஔகாரக் குறியின் வலது துண்டு ‘ள’ மாதிரியே இருக்கும், ஆனால் ஒருங்குறியில் அது வேறு எண், ‘ள’ வேறு எண். தட்டச்சுப்பொறியில் கொம்பும் ‘ள’வும் போட்டே ஔகாரம் அடித்துப் பழகிய கைகள், கணினிக்கு வந்தும் அப்படியே அடித்தன. அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் மென்பொருளும் கண்ணுக்குத் தெரிவதை நம்பி ‘ள’ என்றே சில நேரம் படிக்கிறது. மனிதர் படித்தால் இரண்டும் ஒரே பிராணிதான். கணினிக்கு இரண்டாவது, வெள்ளரிக்கும் வெளிச்சத்துக்கும் பக்கத்து வீடு.

எனக்கு வரும் கோப்புகளில் இரண்டும் கலந்தே கிடக்கும், சில சமயம் ஒரே பக்கத்தில். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. முதல் முறை இதைக் கண்டபோது எனக்கு ஞாபகம் வந்தது பம்பாயில் இருந்த அந்த மாதிரிதான். வெளியே பார்த்தால் ஒன்று; உள்ளே எண்ணிப் பார்த்தால் வேறு.

‘எழுத்துப்பிழைக்கு இத்தனை பேச்சா?’ என்று நீங்கள் கேட்கலாம். இலக்கியத்தில் எத்தனை உயிரினம் வருகிறது என்ற கணக்குகள் இப்போது மின்பிரதிகளை நம்பித்தான் எடுக்கப்படுகின்றன. தேடல் பெட்டி பூஜ்யம் காட்டினால் ‘இந்த நூலில் வௌவால் இல்லை’ என்று ஒருவர் எழுதுவார். அதை மேற்கோள் காட்டி இன்னொருவர் எழுதுவார். ‘இல்லை’ என்பது ஆராய்ச்சியில் ரொம்பக் கனமான சொல். 1972 வரைக்கும் அறிவியலில் சலீம் அலி வௌவாலும் ‘இல்லை’தான். அதே வருடம் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் ஐந்தாவது அட்டவணையில், எலிக்கும் காக்கைக்கும் பக்கத்தில், பழந்தின்னி வௌவால்களை மொத்தமாகத் தொல்லை தரும் பிராணிகள் என்று சேர்த்தார்கள். சலீம் அலி வௌவால் மட்டும் பின்னாளில் தனியாக, உச்ச பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணைக்குப் போனது. ஐந்தாம் அட்டவணையே 2022 திருத்தத்தில்தான் எடுக்கப்பட்டது. நடுவில் இருந்த இத்தனை வருடமும், ஒரு வௌவாலைக் கொல்லலாமா கூடாதா என்பது அதற்கு நாம் வைத்திருக்கிற பெயரைப் பொறுத்திருந்தது.

இது எங்கள் பள்ளத்தாக்கில் வெறும் சட்டப் பேச்சு இல்லை. கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில் பந்தல் பந்தலாகத் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேலே மலை, கீழே பழம். வௌவாலுக்கு வேறென்ன வேண்டும்? சாயங்காலமானால் வந்துவிடும்.

எங்கள் மாமாவுக்கு சுருளிப்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டம். போன வருடம் காய்ப்பு நேரத்தில் போயிருந்தபோது பந்தல் ஓரத்தில் கட்டியிருந்த வலையில் ஒரு வௌவால் மாட்டியிருந்தது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் பிரித்து எடுத்தேன். காது ஓரம் வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன். சின்ன வால்.

“அதுல என்னத்தய்யா தேடுற?” என்றார் மாமா.

“வால் இருக்கான்னு பாத்தேன் மாமா. இது ஊர் வவ்வால்தான். மேல மலையில வால் இல்லாத ஒண்ணு இருக்கு. உலகத்துல ரொம்பக் கொஞ்ச எடத்துலதான் இருக்கு.”

“ஏ மாப்ள, வவ்வால்ல என்ன சாதி வித்தியாசம்? எல்லாம் நம்ம பழத்தத் திங்கிற கழுததான். சரி, வால் இல்லாதது மாட்டுனா என்ன செய்ய?”

“விட்டுரணும்.”

“வால் இருந்தா?”

“அதையும் விட்டுரணும் மாமா.”

“பெறகு எதுக்குய்யா வாலத் தேடுற?”

நியாயமான கேள்வி. உடனே பதில் வரவில்லை. பேச்சை போடிப் பக்கம் கொண்டுபோனேன். போடி இலவம்பஞ்சு எல்லாருக்கும் தெரியும். இலவம் பூ இரவில் விரியும். அதன் தேனுக்கு வருவது இந்த வௌவால்தான். மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோவதும் அதுதான். இதைச் சொன்னதும் மாமா கொஞ்சம் யோசித்தார். “அப்ப நம்ம தலகாணிக்கும் இதுக்கும் சொந்தம்ங்கிற” என்றார். பிறகு, “அந்த வால் இல்லாததுக்குத் தமிழ்ல என்ன பேரு?” என்று கேட்டார்.

சலீம் அலி பழந்தின்னி வௌவால் என்றேன். அவர் சிரித்தார். அது ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பெயர் என்று அவருக்கே தெரிந்தது. மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுத்தவர்கள் அந்த வௌவாலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கக்கூடும். போய்க் கேட்டு எழுதினால்தான் தெரியும். மாமா கேட்ட பிறகு அதுவும் என் வேலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. ஹட்டன் எழுதிய பழைய ஆய்விதழ்கள் இன்று பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற மின்நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. சின்னமனூரில் ஒரு பள்ளிப் பிள்ளை கைப்பேசியிலேயே படிக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை ‘தேனி’ என்று தேடினால் கிடைக்காது. தேனி மாவட்டம் பிறந்தது 1996-இல். ‘மேகமலை’ என்று தேடினாலும் கிடைக்காது. ‘ஹை வேவி மவுண்டன்ஸ், மதுரா ஜில்லா’ என்று ஆங்கிலத்தில் கேட்கத் தெரிந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். எங்கள் ஊரில் ‘ஹைவேவிஸ்’ என்று சொல்வதை அப்படியே தேடுபொறியில் போட்டால், எனக்கு அது நெடுஞ்சாலையைக் காட்டியிருக்கிறது.

அதனால் என் அட்டவணையில் இப்போது ஒரு உயிருக்கு ஒரு கட்டம் இல்லை. வாவல், வௌவால், வெளவால், வவ்வால், துரிஞ்சில் எல்லாம் அடுத்தடுத்து இருக்கும்; எது பழையது, எது பேச்சு, எது எழுத்துக் கோளாறு என்று பக்கத்தில் குறிப்பு இருக்கும். இடத்துக்கும் அப்படியே: மேகமலை, ஹைவேவிஸ், ஹை வேவி, மதுரா ஜில்லா, தேனி. பிழையான எழுத்தைத் திருத்திவிட்டுப் பழையதை அழிப்பதில்லை. அதை வைத்துத் தேடி வருகிறவருக்கும் வழி வேண்டும். அருங்காட்சியகத்திலும் அப்படித்தான். மாதிரியின் பெயர் மாறினால் பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார்கள். புதியதைக் கூடச் சேர்த்துக் கட்டுவார்கள்.

இந்த வருடம் காய்ப்பு தொடங்கியதும் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மாமா வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார். வலையில் ஒரு வௌவால், டார்ச் வெளிச்சத்தில், ஆட்டம் கண்டு மங்கலாக. கீழே “வால் தெரியல மாப்ள” என்று எழுதியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். காது இருட்டில் இருந்தது. பின்பக்கம் சிறகுக்குள் மறைந்திருந்தது. உடனே கூப்பிட்டேன்.

“விட்டுட்டேன்யா. கடிக்க வந்துச்சு. மலப் பக்கமாப் பறந்துருச்சு” என்றார்.

பெரும்பாலும் ஊர் வௌவாலாகத்தான் இருக்கும். இவ்வளவு கீழே, திராட்சைப் பந்தலில், மற்றதற்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் தேதி, நேரம், ஊர் மூன்றையும் அட்டவணையில் எழுதிவிட்டு, பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.