வடிவு

தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மருமகள் வாயில் இருந்த ஒரு நல்ல தமிழ்ச் சொல்லை நானே அடக்கிவிட்டேன்.

அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். 1983 கலவரத்துக்குப் பிறகு பெற்றவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். இவள் பிறந்தது திருச்சிப் பக்கத்து அகதி முகாமில். கல்யாணத்தில் கேட்டவர்களிடமெல்லாம் "பொண்ணு திருச்சி" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருஷம் எங்கள் ஊர் நன்னிலத்தில் சம்பா நன்றாகக் கதிர் வாங்கியிருந்தது. வரப்பில் நின்றபடி, "பயிர் நல்ல வடிவா இருக்கு மாமா" என்றாள். பங்காளிகள் கூட இருந்தார்கள். "அழகா இருக்குன்னு சொல்லும்மா. வடிவுன்னா இங்க யாருக்கும் புரியாது" என்றேன்.

அப்பட்டமான பொய். வடிவாம்பாள் என்று பெயர் வைத்த ஊர்கள் இவை. திருவொற்றியூரில் அம்மனே வடிவுடையம்மன். சிலை வடிக்கிறோம் என்கிறோமே, அந்த 'வடி'தான். செம்மையாக உருவாகி வந்தது வடிவு. வகுப்பில் நானே நடத்திய பாடம் இது. யாழ்ப்பாணத்தார் அதை இன்னும் விரித்து வைத்திருக்கிறார்கள். வடிவாச் சாப்பிடுங்கோ என்றால் நன்றாகச் சாப்பிடுங்கள். வடிவாத் தெரியும் என்றால் தெளிவாகத் தெரியும். ஸ்காட்லாந்தில் அழகுக்குச் சொல்லும் 'பொனி'கூட, நல்லது என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். நல்லதும் அழகும் ஒரே சொல்லில் சேர்வது எவ்வளவு பெரிய விஷயம்! சுந்தரர் பாடிய தலம் எங்கள் ஊர். பெயரிலேயே 'நல்' இருக்கிறது. அங்கே பிறந்த எனக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்தேதான் செய்தேன். அந்த ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், எந்த ஊர், என்ன சாதி, அகதியா என்று பங்காளிகள் துருவ ஆரம்பிப்பார்கள். அந்தப் பயத்தில் அவளை ஒளித்து வைத்தேன். அதற்குத் தமிழைத் திருத்துகிறேன் என்று பெயர் சொல்லிக்கொண்டேன்.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஒரே வருஷத்தில் எங்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டாள். அம்மாவோடு போனில் பேசும்போது மட்டும் கொல்லைப்புறம் போய்விடுவாள். அங்கே அவள் பேச்சே வேறு, சிரிப்பும் வேறு. நான் அந்தப் பக்கம் போனால் குரல் தணியும்.

இதுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பேத்திக்கு நாலு வயது. பூவைக் கண்டாலும் மயிலைக் கண்டாலும் "அழகு" என்கிறாள். தாய்வழியில் வந்திருக்க வேண்டிய சொல் அவளுக்குத் தெரியாது. அதைத் தடுத்தவன் நான்.