பிரதி வண்டியும் பழஞ் சக்கரமும்

பிரதி செய்தல் வேறு; பொய் செய்தல் வேறு. ஏடு பெயர்த்தெழுதினோரைப் பற்றி வகுப்பிற் பயிலும் எனக்கு இவ்வேற்றுமையை நன்கு விளக்கியது ஒரு மோட்டார் வண்டியே.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்கரான காரல் ஷெல்பி என்பார், இங்கிலாந்திலுள்ள ஏ.ஸி. கம்பெனியாரின் இலேசான வண்டியில் போர்டு வி-8 எஞ்சினை அமைத்துக் 'கோப்ரா' என்னும் விரைவண்டியைத் தோற்றுவித்தார். அவை ஏறத்தாழ 1,000 மட்டுமே செய்யப்பட்டன. ஆதலின் இன்று காண்பனவற்றுட் பெரும்பாலானவை பிரதிகளே. அவற்றை அமைப்போர், அக்காலத்து மரவிளிம்புத் திருப்புசக்கரத்தை நாடி, 1967-இல் பியூலி என்னும் ஆங்கில ஊரில் தொடங்கிய பழம்பொருட் சந்தை போன்ற இடங்களில் தேடுகின்றனர்.

கிடைத்தவுடன் மாட்டிவிட இயலாது. திருப்புதண்டின் நுனிப் பற்களும் சக்கரக் குடத்தின் பற்களும் இசைதல் வேண்டும். பிரதியின் தண்டோ பெரும்பாலும் பிறிதொரு காரினின்று எடுத்தது. ஆகவே இரண்டிற்கும் பொருந்துமாறு இடைக்குடம் ஒன்றைக் கடைந்து கொள்வர். முன்சக்கரங்களை நேரே நிறுத்தி, ஆரங்களும் நேர்நிற்கப் பொருத்தி, நடுமரையை அளவறிந்து முறுக்குவர். மரத்தில் வெடிப்போ, ஆணிகளில் தளர்ச்சியோ உளதாயின் அதனைக் கொள்ளலாகாது. வளைவில் உயிரைத் தாங்குவது அவ்வொரு பிடியே. வெடித்த பழமையினும் உறுதியுள்ள புதுமையே மேலென்பது என் கருத்து.

பழஞ் சக்கரம் ஏறியதனால் பிரதி மூலமாகிவிடாது. 'இது பிரதி' என உரைத்து விற்பின் அது கைத்திறம். மறைத்து விற்பின் வஞ்சனை. ஏடெழுதினோர் பலர் தம் பெயரையும் நாளையும் ஈற்றிற் குறித்து வைத்தனர். வண்டியமைப்போரும் அந்நேர்மையைக் கைக்கொள்வாராக.