ஒரு மணி நேரம் கூட்டவும்

படகில் எங்களுக்கு முதலில் கற்றுத்தந்தது கழிவறையைப் பயன்படுத்தும் முறையை. நெம்பைத் திருப்பிக் கடல்நீரை உள்ளே இழுக்க வேண்டும், கைப்பம்பை இருபது முறை அடிக்க வேண்டும், மறக்காமல் வால்வை மூட வேண்டும். இரண்டாவது பாடம் கேஸ் அடுப்பு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு சன்னலைத் திறந்துவிடலாம்; படகில் அது இறங்கிப்போய் அடிவயிற்றில் தேங்கி ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். பாய், காற்று, திசை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன.

முப்பத்தேழு அடி நீளப் படகு. ஞாயிறு மாலை ஏறினால் வெள்ளி மாலைதான் இறங்குவது. சமையல், தூக்கம், குறட்டை, சண்டை எல்லாம் அதற்குள்ளேயே. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஒரு கணவன் மனைவி, நான், ஐம்பது வயதைத் தாண்டிய பயிற்சியாளர் அம்மா என்று மொத்தம் ஐந்து பேர். ராயல் யாட்டிங் அசோசியேஷனின் டே ஸ்கிப்பர் பயிற்சி அது. முந்தைய கோடையில் அடிப்படைப் பயிற்சியை முடித்திருந்தேன். மற்றபடி கரூர்க்காரனான எனக்குக் கடல் என்றால் மெரினாவில் முழங்கால் நனைய நின்றதுதான்.

இடம் சோலன்ட். இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே கிடக்கும் நீரிணை. சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். இங்கே போர்ட்ஸ்மத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரை நெருங்கும். காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் சேறு இருக்கும், சேற்றில் கொக்கு நிற்கும். மேற்கே ஹர்ஸ்ட் கோட்டைக்கு அருகில் நீரிணை குறுகும் இடத்தில் ஓதத்தின் வேகம் நான்கு நாட்டைத் தாண்டும். எங்கள் படகு நன்றாக ஓடினாலே ஆறு நாட்தான். அதனால் போக வேண்டிய ஊரைப் பார்த்து நேராக ஓட்டுவதில் பயனில்லை. தண்ணீர் நம்மை எவ்வளவு தூரம் இழுக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக மூக்கைத் திருப்பி வைக்க வேண்டும். கரையிலிருந்து பார்ப்பவருக்குப் படகு எங்கோ பார்த்துக்கொண்டு வேறெங்கோ போவதுபோல் இருக்கும்.

இந்தக் கணக்குகள் எனக்குப் பிடித்திருந்தன. கயிறு முடிவதில் கடைசியாக வந்தேன், கப்பலடியில் சமைக்கப்போய் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆனால் வரைபட மேசையில் நான்தான் முதல். "இன்ஜினியர்கிட்ட குடுங்க" என்று மற்றவர்கள் பென்சிலை என்னிடம் தள்ளினார்கள். சரிபார்க்க யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

தினம் ஒருவர் ஸ்கிப்பர். அன்றைக்குத் திட்டம் போடுவதும் உத்தரவு கொடுப்பதும் அவர் வேலை. சுக்கானை வேறொருவர் பிடிப்பார். வியாழக்கிழமை என் முறை. இரவு யார்மத் துறைமுகத்தில் தங்கியிருந்தோம். காலையில் கிழக்கே நாலைந்து மைல் போய், நியூடவுன் ஆற்றுக்குள் நுழைந்து நங்கூரம் போட வேண்டும். நியூடவுன் முகத்துவாரத்தில் ஒரு மேடு உண்டு. எங்கள் படகின் அடிப்பகுதி நீருக்குள் 1.9 மீட்டர் இறங்கும். மேட்டின் மேல் எந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதுதான் கேள்வி.

உலகத்தின் மற்ற இடங்களில் ஏற்றத்தின் உச்சியிலிருந்து கணக்குப் போடுவார்கள். சோலன்ட் பகுதியில் தண்ணீர் உச்சிக்குப் போய் நெடுநேரம் அப்படியே நிற்கும். சில இடங்களில் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். உச்சி எது என்று சுட்டிக்காட்ட முடியாததால், இங்கே வற்றின் அடிமட்ட நேரத்தை வைத்துக் கணக்கிடச் சிறப்பு வளைகோடுகள் தந்திருக்கிறார்கள். அட்டவணையில் அடிமட்டம் 06:20. ஒன்பது இருபதுக்கு, மூன்று மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு, மேட்டின் மேல் 2.7 மீட்டர். அழகாக எழுதி அடிக்கோடிட்டேன்.

ஏழு மணிக்கு டீயோடு மேலே வந்தேன். மிதவைப் பாலத்தைப் பிடித்து நிற்கும் இரும்புத் தூணைப் பார்த்தேன். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் அளவுக்கு ஈரம் பளபளத்தது. ஏறுகிற தண்ணீர் தனக்கு மேலே ஈரத்தை விட்டுவைக்காது. என் கணக்குப்படி நாற்பது நிமிடமாகக் கடல் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். தூணோ, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றது.

பார்த்தேன். அலையடித்த ஈரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சியாளர் வந்து, "கணக்கெல்லாம் சரியா?" என்று கேட்டார். "சரி" என்றேன்.

அந்தச் 'சரி'யை நான் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கு முந்தைய வருடம், ஒரு ரிலீஸ் இரவு. சென்னை டீமில் ஒரு பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். டிப்ளாய் பட்டனை அவன் அழுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஒரு கிராஃப் கோணலாக ஏறுவதை நான் பார்த்தேன். காலில் பதினோரு பேர் இருந்தார்கள். தப்பாகச் சொல்லி அசடு வழிய வேண்டாமே என்று இருந்துவிட்டேன். "போலாமாண்ணா?" என்றான். "சரி, போ" என்றேன். நான்கு மணி நேரம் எல்லாம் விழுந்து கிடந்தது. யார் மேலும் பழி சொல்லாத அறிக்கை என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. அதிலும் அவன் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கிராஃபைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

தென்மேற்குக் காற்று, நான்காம் விசை. ஏறும் ஓதமும் கிழக்கே தள்ள, சுகமான ஓட்டம். நியூடவுன் வாசலில் பாயை இறக்கி, இன்ஜினைப் போட்டு, கரையில் நட்டிருந்த இரண்டு வழிகாட்டிக் கம்பங்களையும் ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தி மெதுவாக உள்ளே போனோம். ஆசிரியர் சுக்கானில். ஆழமானி 3 என்றது, 2.6 என்றது. 2.2. என் வாய் திறக்கவில்லை. 2.0. பிறகு ஒரு மெத்தையில் உட்கார்ந்தது போலப் படகு நின்றது. சத்தமே இல்லை.

பின்னோக்கி இயக்கினோம். பிறகு எல்லோரும் ஒரு பக்க விளிம்புக்குப் போய் வெளியே சாய்ந்தோம். படகு சாய்ந்தால் அதன் அடி கொஞ்சம் மேலே வரும். அசையவில்லை. "டீ போடுங்க" என்றார் பயிற்சியாளர்.

ஆசிரியர் முகம் சிவந்து போயிருந்தது. "மன்னிக்கணும். கம்பங்கள் வரிசை விலக விட்டுட்டேன். என் தப்பு" என்றார். அறுபத்திரண்டு வயது மனிதர். கணவனும் மனைவியும் பரவாயில்லை என்று அவர் தோளைத் தட்டினார்கள். அப்படியே விட்டிருந்தால் போயிருக்கும். சேறு ஒரு சாட்சி சொல்லாது.

"இல்லை, அவர் சரியாத்தான் ஓட்டினார். என் கணக்கு தப்பு" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "காலையிலேயே சந்தேகம் வந்தது. சொல்லல."

கீழே போய் அட்டவணையை எடுத்து வந்தேன். பக்கத்தின் உச்சியில் சின்ன எழுத்தில் இருந்தது: நேரங்கள் யுடி, கோடைகால நேரத்துக்கு ஒரு மணி கூட்டவும். செப்டம்பர் மாதம். அடிமட்டம் 06:20 இல்லை, 07:20. மூன்று மணி ஏற்றம் என்று நான் நினைத்தது வெறும் இரண்டு மணி ஏற்றம். முக்கால் மீட்டர் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. எல்லா நேரத்தையும் யுடிசியில் சேமி, காட்டும்போது மட்டும் மாற்று என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"ஏறுற தண்ணி, அடியில சேறு, காத்தும் அதிகமில்ல. அதனால விட்டேன். இறங்குற தண்ணியா இருந்தா யார்மத்திலேயே நிறுத்தியிருப்பேன்" என்றார். ஏறும்போது தட்டினால் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும், கடலே தூக்கிவிடும். இறங்கும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரைக்கும் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். பிறகு எங்களைச் சிரிக்கவைக்கக் குயின் எலிசபெத் 2 கதையைச் சொன்னார். 2008 நவம்பரில், துபாய்க்குப் போகும்முன் கடைசியாகச் சவுத்தாம்ப்டனுக்கு வந்த அந்தப் பெரிய கப்பல், சோலன்ட் நடுவிலுள்ள பிராம்பிள் மணல்திட்டில் தட்டி நின்றது. இழுவைப் படகுகள் வந்துதான் நகர்த்தின. அதே மணல்திட்டு வருடத்தில் ஒருநாள் நன்றாக வெளியே தெரியும்போது, அதன்மேல் கிரிக்கெட் ஆடுவார்களாம்.

முப்பத்தைந்து நிமிடத்தில் படகு மெல்ல ஆடியது, பிறகு மிதந்தது. ஆசிரியர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் நங்கூரக் காவலுக்கு என்னோடு சேர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் அவர் ஸ்கிப்பர். தன் கணக்கை என்னிடம் நீட்டி, "பார்த்துச் சொல்லு" என்றார். உரக்கப் படித்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம்.

வெள்ளி மாலை கரையில் இறங்கியும் தரை ஆடிக்கொண்டே இருந்தது. ரயிலில் அந்தப் பையனுக்கு எழுதினேன். அன்று கிராஃபைப் பார்த்தேன், சொல்லவில்லை, பழி உன் மேல் விழுந்தபோதும் சொல்லவில்லை. பழைய மேனேஜருக்கு இதை எழுதித் தரவும் தயார்.

மறுநாள் பதில் வந்தது. "அன்னைக்கு நைட்டே தெரியும்ணா. ஸ்கிரீன் ஷேர்ல உங்க டேப் ஓப்பனா இருந்துச்சு. நீங்களே சொல்வீங்கன்னு வெயிட் பண்ணேன்."

வெகுநேரம் போனைக் கையில் வைத்திருந்தேன். மெசேஜில் எழுதும் விஷயமாக அது தோன்றவில்லை. ஞாயிறு பேசலாமா என்று கேட்டேன். மதியம் ஒரு மணிக்குக் கூப்பிடச் சொன்னான். அவனுக்கு ஒரு மணி என்றால் எனக்குக் காலை எட்டரை. கோடைகால நேரம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, எட்டரைக்கு அழைத்தேன்.