அம்மாயிக்காக ஒரு வாய் சீஸ்கேக்

கேக் வாங்கும்போது முட்டை சேர்த்ததா என்று கேட்கிறோம். ஜெலட்டின் சேர்த்ததா என்று கேட்கத் தோன்றுவதில்லை. மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது அது. அவனில் வைக்காத சீஸ்கேக் கெட்டியாக நிற்கப் பலரும் அதைச் சேர்க்கிறார்கள். 'எக்லெஸ்' என்று சொல்லி விற்பதில் பொய்யில்லை. ஆனால் அது சைவமும் இல்லை.

கோவையில் ஒரு குடும்பத்துக்கு இது தெரியவந்தது போன வருடம். பேத்தியின் பிறந்தநாளுக்கு எக்லெஸ் சீஸ்கேக் வாங்கியிருந்தார்கள். மகள் வீட்டில் இருக்கும் அம்மாயி பிறந்ததிலிருந்தே சைவம். ஒவ்வொரு பிறந்தநாளிலும் பேத்திக்கு கேக் ஊட்டிவிடுவாரே தவிர, தான் ஒரு வாய் வைத்ததில்லை. அன்று பேத்தி கெஞ்சியதால் ஒரு துண்டு சாப்பிட்டார். செய்முறை கேட்டு மறுநாள் போன் செய்த மகளுக்குத்தான் ஜெலட்டின் விஷயம் தெரிந்தது.

சொல்லாமலே விட்டிருக்கலாம். மகள் சொல்லிவிட்டார். அம்மாயி கோபப்படவில்லை. "சரி, உடு கண்ணு" என்றதோடு சரி. ஆனால் அதன்பிறகு வெளியே வாங்கிய லட்டைக்கூட அவர் தொடவில்லை.

இந்த பிப்ரவரியில் பேத்திக்கு 13 வயது. "நானே செய்யறேன், அம்மாயி கண்ணு முன்னாலயே செய்யறேன்" என்று கிளம்பினாள். சாமான் எல்லாம் டைனிங் டேபிளுக்கு வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் பச்சைப் புள்ளியைக் காட்டி, பின்னால் இருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. மேரி பிஸ்கட்டுக்கே ஐந்து நிமிடம் ஆனது.

அரை லிட்டர் கெட்டித் தயிரை முந்தின இரவே துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் வடிய வைத்திருந்தாள். 100 கிராம் பனீரை முக்கால் கப் பொடித்த சர்க்கரையோடு மிக்ஸியில் மையாக அரைத்து, அதில் தயிரைக் கலந்தாள். க்ரீம் சீஸின் வழவழப்பு இதில் முழுசாக வராது என்பது உண்மைதான். செலவு பாதிகூட ஆகாது என்பதும் உண்மை.

ஜெலட்டினுக்குப் பதில் 5 கிராம் கடல்பாசி, அதாவது சைனா கிராஸ். முக்கால் கப் தண்ணீரில் ஊறவைத்து, முழுதாகக் கரையும்வரை கொதிக்கவிட்டாள். அதைச் சில்லென்ற தயிரில் ஊற்றப் போனபோதுதான், அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மாயி கையைப் பிடித்தார்.

"குளுந்த தயிர்ல ஊத்தாத கண்ணு, திரிதிரியாப் போயிரும்."

கோடையில் பாலில் கடல்பாசி காய்ச்சி ஊற்றிய அனுபவம். 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே கடல்பாசி இறுகத் தொடங்கிவிடும். மறுபடி இளக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் தயிர் திரிந்துவிடும். ஜெலட்டின் அப்படியில்லை, நம் ஊர் வெயிலிலேயே இளகிவிடும். ஆக, நமக்குக் கடல்பாசிதான் தோது. தயிர்க் கலவையை வெளியே வைத்துக் குளிர் விட்டதும், சூடான கடல்பாசியை மெல்லிய இழையாக ஊற்றிக் கிளறினார்கள். ஊற்றியது அம்மாயி.

வெண்ணெய் தடவிய மினி இட்லித் தட்டுகளில் கலவையை விட்டு, அது இறுகியதும் 100 கிராம் பிஸ்கட் தூளில் 50 கிராம் உருக்கிய வெண்ணெய் பிசைந்து மேலே அழுத்தினாள். ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம். கவிழ்த்து எடுத்தால் பிஸ்கட் அடியில் வந்துவிடும். நீலகிரி ஸ்ட்ராபெர்ரி 200 கிராம் வாங்கியிருந்தார்கள். பச்சையாக வெட்டி வைத்தால் நீர் விடும் என்பதால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து ஜாம் போலச் சுண்டவைத்து, ஆறியபின் ஒவ்வொன்றின் தலையிலும் வைத்தாள்.

அம்மாயி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். வீடே அவர் முகத்தைப் பார்த்தது.

"புளிப்பு பத்தலை" என்றார். இன்னொன்றை எடுத்துக்கொண்டார். பிறகு எதிர் வீட்டுக்குப் பத்து கொடுத்துவரச் சொல்லி, வாசல் வரை போன பேத்தியைத் திரும்பக் கூப்பிட்டார்.

"என்னென்ன போட்டதுன்னு சொல்லிக் குடு கண்ணு."