ஓர் இரவு ஊற வேண்டும்

ரிவர்ஸ்டன் பக்கத்திலிருந்து பழுதுபார்க்க வரும் இரும்புச் சாமான் எதுவானாலும், முதலில் துருவோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புறப் பாதையில் ஏறினால் வரும் நக்கிள்ஸ் மலைப்பகுதி அது. காற்றுக்கும் பனிமூட்டத்துக்கும் அங்கே குறைவில்லை. ஒரு தையல் மெஷின் அந்த ஈரத்தில் இரண்டு மழைக்காலம் கிடந்தால், ஆணிகள் துளைகளோடு ஒன்றாகிவிடும்.

2019இன் இறுதியில் அங்கிருந்து என் பட்டறைக்கு ஓர் எயார் ரைபிள் வந்தது. பழைய பீ.எஸ்.ஏ. 1861இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி. சைக்கிள்களில் மூன்று துவக்குகள் சாய்ந்து நிற்கும் முத்திரையை நம்மில் பலர் பார்த்திருப்போம். கொண்டுவந்தவர் ஏலமும் மிளகும் செய்யும் சிங்களப் பெரியவர். நான் அவரை 'மாமே' என்பேன். அவர் என்னை 'நானா' என்பார். சாக்கைப் பிரித்தவர், நான் கேட்காமலே அனுமதிப்பத்திரத்தையும் மேசையில் வைத்தார்.

அந்த வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, சமையற்கட்டுக் கத்திக்கும் நாம் கணக்குச் சொன்ன நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் எழுந்து வாசற்கதவை அகலத் திறந்து வைத்தேன். உம்மா உள்ளிருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

"குரங்கைச் சுடுவதில்லை நானா. பக்கத்துத் தகரத்தில் அடிப்பேன், சத்தத்துக்கு ஓடிவிடும். இந்த சைட் சரிந்துபோனதால் போன வாரம் குட்டி சுமந்த ஒன்றின் மேல் பட்டுவிட்டது" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சைட்டைக் கழற்றினால்தான் நிமிர்த்தலாம். அதன் ஆணித்தலையின் வெட்டையோ யாரோ கத்திமுனையால் திருகித் தேய்த்திருந்தார்கள். முதலில் குழலை மடித்து, உள்ளே குண்டு இல்லையென்று பார்த்துக்கொண்டேன். பிறகு ஆணியைச் சுற்றி மண்ணெண்ணெய் விட்டேன். அது புரிகளுக்குள் இறங்க ஓர் இரவாவது ஊற வேண்டும்.

இதை எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். ரைபிள் ஓர் இரவு என் வீட்டில் இருக்க வேண்டும். அவரே சாக்கை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். "வீட்டில் வைத்து ஊற விடுகிறேன். நாளைக்குக் கொண்டுவாறன் நானா." வேறொன்றும் பேசவில்லை. மகனின் முச்சக்கர வண்டியில் அவ்வளவு தூரம் திரும்ப ஏறிப் போனார்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். சோல்டரிங் அயனை ஆணித்தலையில் சில நிமிடம் வைத்து எடுத்தேன். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும் ஆணி, துருவின் பிடியைத் தளர்த்தும். நேரே நெருப்புக் காட்டினால் குழலின் நீலப்பூச்சு கெட்டுவிடும். மெல்லிய அரத்தால் தேய்ந்த வெட்டைக் கொஞ்சம் ஆழமாக்கினேன். சாதாரண ஸ்குரூ டிரைவரின் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும். பலமாகத் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும். வெட்டை முழுதாக நிரப்பும்படி, இரு பக்கமும் நேராக ஒரு நுனியைத் தேய்த்தெடுத்தேன். பிஸ்மி சொல்லி, முதலில் இறுக்கும் பக்கமாக மயிரளவு, பிறகு கழற்றும் பக்கம். ஒரு கீச்சொலி. ஆணி அசைந்தது.

கடையில் வாங்கும் மெட்ரிக் ஆணியை அதில் போடக்கூடாது. மெட்ரிக் புரியின் கோணம் 60 பாகை. 1841இல் விட்வேர்த் வகுத்த ஆங்கிலப் புரி 55 பாகை. பழைய ஆங்கிலத் துளையில் புதியது இரண்டு சுற்றுப் போய் இறுகி, துளையையே கெடுத்துவிடும். ஆகவே பழைய ஆணியையே துடைத்து, எண்ணெய் தொட்டு, நிமிர்த்திய சைட்டோடு பூட்டினேன். துவக்கின் குறியைச் சரிசெய்வது உயிர்கொல்லும் வேலைக்கு உதவுவதென்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். படாமல் அடிப்பதற்கும் குறி நேராக இருக்க வேண்டுமென்று அந்தப் பெரியவர்தான் எனக்குக் காட்டினார்.

2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிடம், பயிரழிக்கும் விலங்குகளை நாடெங்கும் அவரவர் தோட்டத்தில் எண்ணச் சொன்னார்கள். அன்று பின்னேரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பதினேழு குரங்கு என்றார். மூன்றின் வயிற்றில் குட்டி தொங்கியதாம். எண்ணி முடியும்வரை ரைபிளைச் சுவரிலிருந்து இறக்கவில்லை என்றார்.